இருபத்திமூன்றாவது கை

மூன்று மணிக்கு வார்டு மணி அடித்தது. டாக்டர் கோபாலசாமி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே எழுந்த கைகளை எண்ணினார். இருபத்திமூன்று.

உள்ளே இருந்த நோயாளிகள் இருபத்திரண்டு பேர்.

அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில், நாலு வாரமாக ஒரு இரவுகூட முழுசாகத் தூங்காதவனுக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள் கைகள் இறங்கிவிட்டன. இருபத்திரண்டு போர்வைகள், இருபத்திரண்டு முகமூடிகள். சுவரில் வரிசையாகத் தொங்கிய ஆக்சிஜன் குப்பிகளில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கொப்பளிப்புச் சத்தம் கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது.

"எத்தனை சிஸ்டர்?"

பொறுப்பு நர்ஸ் ஹபீபுன்னிசா மார்க்கர் பேனாவைத் திறந்து வைத்தபடி பலகை முன்னால் நின்றாள். இன்னும் எழுதவில்லை.

"இருவத்தி மூணுங்க சார்," என்றாள். "ரெண்டு தடவ எண்ணிட்டேனுங்க."

"எவராச்சும் ரெண்டு கையவும் தூக்கியிருப்பாருங்க சிஸ்டர். உசுரு பயத்துல கும்பிட்டிருப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. "நான் உள்ள போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேனுங்க சார்."

"பாதுகாப்பு டிரஸ்ஸை வீணாக்காதீங்க. இருபத்திரண்டுன்னு எழுதுங்க."

எழுதினாள். எழுதியதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த தறி ஊர் அது. கொரோனா இரண்டாம் அலை வந்து ஊரடங்கு போட்ட பிறகு விசைத்தறிகள் நின்றுபோயிருந்தன. முப்பது நாற்பது வருடமாக இரவும் பகலும் தடதடத்துக்கொண்டிருந்த ஊர் ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டது. கோபாலசாமி அந்த அரசு மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக வந்த புதிதில் தறிச் சத்தத்தில் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறார். இப்போது சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை. மே மாத வெயிலில் அடங்கிக் கிடந்த தெருக்களில் ஆம்புலன்ஸ் மட்டும் போய்வந்தது.

கை தூக்கும் முறை அவர் கண்டுபிடித்தது. பாதுகாப்பு உடைகள் ஒரு நாளைக்கு இருபதுதான் வந்தன. மணிக்கொரு தரம் உள்ளே போய் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்க அது போதாது. அதனால் ஒரு சுற்றறிக்கை போட்டார். மணி அடித்ததும் நோயாளிகள் கையைத் தூக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் ஊழியர்கள் உள்ளே போகத் தேவையில்லை. தொடர்ந்து மூன்று முறை கை தூக்காதவர் தேறமாட்டார் என்று கொண்டு, அவருடைய ஆக்சிஜனை நிறுத்தி மற்றவர்களுக்குத் திருப்பலாம். கீழே அவர் கையெழுத்து. பச்சை மை, அலுவலக முத்திரை. கண்ணாடிக் கதவிலேயே ஒட்டியிருந்தது.

கேட்பவர்களுக்குக் கொடூரமாகத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் லாரி வரவில்லை. யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அதற்குத்தானே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்? விதி வந்த மூன்று நாளில் சாவு பாதியாகக் குறைந்தது. கலெக்டரே போன் செய்து பாராட்டினார். வெள்ளிக்கிழமை காணொளிக் கூட்டத்தில் மாவட்டத்து மருத்துவர்கள் எல்லோருக்கும் அதை விளக்கிச் சொல்ல அழைத்திருந்தார்கள்.

விதி இதுவரை ஒரே ஒருவர் மேல்தான் முழுசாகப் பாய்ந்திருந்தது. பதினேழாம் கட்டில் மாசாணம். தறித் தொழிலாளி, ஐம்பத்தெட்டு வயது. நேற்று, செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அவர் கை எழவில்லை. குப்புறப் படுத்து, சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நர்ஸ்கள் யாரும் முன்வரவில்லை. கோபாலசாமியே உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் அவருடைய ஆக்சிஜன் குழாயின் திருகை மூடினார். லாரி வரும்வரை பதினேழில் யாரையும் போடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

நான்கு மணிக்கு அவர் மறுபடியும் கண்ணாடிக் கதவுக்கு வந்தார். எதற்கு வந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மணி அடித்தது. கைகள் எழுந்தன. இந்தத் தடவை கட்டில் கட்டிலாக விரல் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. சில கைகள் விறைப்பாக, சில முழங்கையோடு நின்றுபோய். பதினைந்து. பதினாறு. பதினேழில் சுருட்டிய மெத்தை. பதினெட்டு. கடைசிக் கட்டில் இருபத்திமூன்றுவரை போய், பதினேழு நீங்கலாக இருபத்திரண்டு கை என்று முடித்தார். நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை எழுந்தது.

மற்றவர்கள் எல்லோரும் தூக்கிய பிறகு. விடை தெரியாத பையன் வகுப்பில் மற்றவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தானும் தூக்குவானே, அதுபோல. சுருட்டிய மெத்தைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, முழு நீளத்துக்கு. விரல் நுனிகளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சார்," என்றாள் ஹபீபுன்னிசா. 

அவர் திரும்பி நடந்துவிட்டார். தாழ்வாரம் முழுக்க பினாயில் வாசனை. அதற்கடியில் மெல்லியதாக இன்னொரு வாசனை, தறிக்கூடத்து எண்ணெயும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் கலந்தது. ஊர் முழுக்கத் தறிக்கூடங்கள் இருக்கின்றன, காற்று அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கேட் அருகே காரிலிருந்து இறங்கும்போது ஒரு குரல்.

"ஏனுங் டாக்டருங்க..."

மெலிந்த பெண். கையில் மஞ்சள் துணிப்பை. மாசாணத்தின் மனைவி பாவாத்தாள். கணவரின் சட்டையையும் செருப்பையும் வாங்கிப்போக வந்திருந்தாள். அவற்றைக் கொண்டுவந்து கொடுத்த ஹபீபுன்னிசா பக்கத்தில் நின்றாள்.

"கடைசீல எம்பட ஊட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லைங்க அம்மணி. தூக்கத்துலயே போயிட்டாரு. சிரமப்படலைங்க." இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறார். நாக்குக்குப் பழகிவிட்டது.

"சரிங்க." அவள் போகவில்லை. பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. அவருக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காதுங்களே. முப்பது வருசம் தறிக்குள்ள நின்னு காது செத்துப்போச்சுங்க. நீங்க சொல்றதெல்லாம் அவருக்கு எப்படிங்க வெளங்குச்சு? தோளைத் தொட்டு, கைச்சாடை காட்டுனாத்தானுங்க அவருக்குத் தெரியும். சீட்டு போடறப்பவே எழுதிக்கச் சொன்னேனுங்க. எழுதுனாங்களோ என்னமோ."

கோபாலசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. மாசாணத்துக்கு மணி கேட்டே இருக்காது. மற்றவர்களைப் பார்த்தாவது தூக்கியிருப்பார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் குப்புறப் படுக்கச் சொன்னது யார்? அதுவும் கோபாலசாமிதான்.

"எல்லாம் சாடையில சொல்லிட்டமுங்க," என்றார்.

பாவாத்தாள் அவரைக் கும்பிட்டாள். நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அறைக்குள் வந்ததும் ஹபீபுன்னிசா கதவருகிலேயே நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"சார், அந்த சர்க்குலரைக் கிழிச்சுப் போடலாங்க சார்."

"இப்ப எடுத்தா என்ன அர்த்தம் சிஸ்டர்? நாம பண்ணது தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கற மாதிரி ஆயிரும். நாளைக்கு மீட்டிங் இருக்கு."

"யாருக்கும் எழுதிக் குடுக்க வேண்டாமுங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நின்னுரும். நாங்க உள்ள போயித் தொட்டுப் பாத்துக்கறமுங்க. டிரஸ் இல்லாட்டி மழைக்கோட்டைப் போட்டுக்கறமுங்க."

"மீட்டிங் முடியட்டும்," என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, கூட்டத்துக்குச் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹபீபுன்னிசா.

"ஒம்பதாம் நம்பர் தவறிட்டாருங்க சார்."

"எப்ப?"

"தெரியலைங்க. மதிய மாத்திரை குடுக்க உள்ள போனமுங்க. ஒடம்பு வெறைச்சுப்போச்சுங்க. ரெண்டு மூணு மணி நேரமாச்சும் ஆயிருக்குமுங்க."

"பத்து மணிக்கு, பதினோரு மணிக்கெல்லாம் கணக்கு?"

மறுமுனையில் அவள் பலகையைப் பார்த்துப் படித்தாள்.

"இருவத்திரண்டுங்க சார். மூணு தடவையும் சரியா இருந்துச்சுங்க. அதனால யாரும் உள்ள போகலைங்க."

இருபத்தோரு பேர் தூக்கியிருக்கிறார்கள். இருபத்திரண்டாவது ஒன்று எழுந்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒரு மனிதர் கேட்பாரில்லாமல் செத்துக் கிடந்தார். கோபாலசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியில் கூட்டம் தொடங்கிவிட்டதற்கான ஒலி வந்தது.

இப்போது சொல்லிவிடலாம். இந்த முறையில் கோளாறு இருக்கிறது, யாரும் பின்பற்றாதீர்கள் என்று இரண்டே வாக்கியம். அவர் வாயைத் திறந்தபோது கலெக்டர் முந்திக்கொண்டார். அவருடைய பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், பாதியாகக் குறைந்த சாவைச் சொன்னார். திரையில் முப்பது முகங்கள் தலையாட்டின. கோபாலசாமி தொண்டையைச் செருமினார். இருபது நிமிடம், தெளிவாக, அழகாக, அந்த முறையை விளக்கினார்.

"சந்தேகம் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் கலெக்டர் கடைசியில்.

இரண்டு மூன்று சதுரங்களில் கைகள் எழுந்தன. எல்லாம் எழுந்த பிறகு, கொஞ்சம் தாமதமாக, இன்னொன்று எழுந்தது. இடது மூலைச் சதுரத்தில். அது கோபாலசாமியின் சதுரம். அவர் தோளுக்குப் பின்னால், பட்டப்பகல் வெளிச்சத்தில், விரல்களில் பஞ்சு ஒட்டிய ஒரு கை.

அவர் திரும்பிப் பார்த்தார். பீரோ. காலண்டர். சாத்திய கதவு.

திரையைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கையால் தடவியே கணினியை அணைத்தார்.

அன்று மாலை காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை பரிசோதனையில் உறுதியானது. வாசனை போய்விட்டது. காப்பி மணக்கவில்லை, பினாயில் மணக்கவில்லை. தறி எண்ணெயும் கஞ்சியும் மட்டும் மூக்கில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஆக்சிஜன் எண்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. கோயம்புத்தூரில் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்தார்கள். எங்கும் இடமில்லை. லாரி நேற்றே வந்துவிட்டது, ஒன்பதாம் கட்டிலிலும் ஆள் போட்டாகிவிட்டது, நம் வார்டிலேயே ஒரு கட்டில் காலி என்று துணை மருத்துவர் சொன்னார்.

"வேற கட்டில் இல்லையா?" என்று கோபாலசாமி கேட்டார். இல்லை.

மெத்தையை விரித்துப் போட்டிருந்தார்கள். குப்புறப் படுக்க வைத்தார்கள். முகமூடியை மாட்டித் திருகைத் திறந்தபோது தலைக்குமேல் குப்பி கொப்பளிக்கத் தொடங்கியது. ஹபீபுன்னிசா உடைக்குள்ளிருந்து குனிந்தாள். கண்ணாடி வழியாக அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"சிஸ்டர், அந்த உத்தரவு... கிழிச்சிருங்க. நான் சொன்னேன்னு."

"இப்ப அது மாவட்ட உத்தரவுங்க சார். நேத்தே எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிருச்சு. உங்க பேரு போட்டுத்தானுங்க வந்திருக்கு." பிறகு அவர் தோளில் கை வைத்தாள். "பயப்படாதீங்க சார். எண்ணிக்கை என்னவா இருந்தாலும் மணிக்கொருக்கா நான் உள்ள வாரேனுங்க. தொட்டுப் பாக்கறேனுங்க."

அவருக்கு அழுகை வந்தது. நன்றி சொல்ல மூச்சு போதவில்லை.

வந்தாள். பத்து மணிக்கு வந்தாள். பதினொன்றுக்கு வந்தாள். பன்னிரண்டுக்கும் ஒரு மணிக்கும் தோளில் அந்தக் கை பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கியதைப் பார்த்து அவள் தலையசைத்தாள். இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித் தெரிந்தது. அந்த நர்ஸம்மாவுக்கும் காய்ச்சலாம், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஈரோட்டிலிருந்து வேறொரு பெண் வந்திருக்கிறாளாம்.

மூன்று மணிக்கு அந்தப் புதியவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எண்ணினாள். சுற்றறிக்கையை ஒருமுறை படித்துக்கொண்டாள். கோபாலசாமி முழங்கை அளவுக்குத் தூக்கினார். அதுவே மலை ஏறியது போல் இருந்தது.

அதற்குப் பிறகு காதுக்குள் அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் தூரத்தில். தடக். தடக். ஊரடங்கில் எவன் தறி ஓட்டுகிறான் என்று நினைத்தார். பிறகு பக்கத்தில். ஒரு தறி, பத்துத் தறி, கூடம் முழுக்கத் தறி. குப்பிகளின் கொப்பளிப்பு அதில் அமுங்கியது. இருமல்கள் அமுங்கின. பக்கத்துக் கட்டில்காரர் வாயசைத்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை.

அவர் செய்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. மறந்தால்தானே நினைவுக்கு வருவதற்கு.

செவ்வாய்க்கிழமை நான்கு மணி. திருகை மூடிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாசாணம் அசைவு தெரிந்து முகத்தைத் திருப்பினார். டாக்டரைப் பார்த்தார். தனக்குக் காற்றைக் கூட்டி வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. கையைத் தூக்கினார். நெற்றி வரைக்கும்.

கோபாலசாமி அதைப் பார்த்தார்.

பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது என்று பிறகு எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், பார்த்தார். பக்கத்துக் கட்டில் தேறட்டும், பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்தார். வெளியே வந்தபோது கலெக்டரின் போன். பாராட்டு. இருபது நிமிடம் பேசினார்.

எதிர்வரிசையில் ஒரு கை எழுந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக. நான்கு மணி ஆகிவிட்டது. மணி அடித்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

கையைத் தூக்க வேண்டும்.

வலது கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்தார். வரவில்லை. இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. விரல் அசைந்தது. விரல் மட்டும். பரவாயில்லை என்று நினைத்தார். ஒன்று குறையும். குறைந்தால் அவள் பார்ப்பாள். பார்த்தால் வருவாள். இருபத்திமூன்று பேரில் இருபத்திரண்டு. குறையட்டும். கடவுளே, குறையட்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் விரல் நகர்ந்தது. கட்டில் கட்டிலாக. பதினான்கு. பதினைந்து. பதினாறு.

எண்ணெய் வாசனை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் யாரோ நின்றார்கள். வேட்டி தெரிந்தது. வேட்டி முழுக்கப் பஞ்சுத் தூசி. ஒரு கை மெதுவாக எழுந்தது, மற்றவர்கள் தூக்கியதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக. அவர் தலைக்கு நேர் மேலே. நேராக. நகக்கண்ணில் கறுப்பாக எண்ணெய்.

அவள் விரல் பதினேழில் நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தலையசைத்தாள். விரல் அடுத்த கட்டிலுக்குப் போனது.

கோபாலசாமி கத்தினார். முகமூடிக்குள் ஆவி படிந்தது. அவ்வளவுதான்.

அவள் பலகையில் இருபத்திமூன்று என்று எழுதினாள். மார்க்கருக்கு மூடி போட்டாள். திரும்பி நடந்தாள். அடுத்த எண்ணிக்கை ஐந்து மணிக்கு.

தறிகள் நின்றன. எல்லாம், ஒரே சமயத்தில். அந்த அமைதியில் தலைக்குமேல் குப்பி கொப்பளிப்பது கேட்டது. அவர் கண்ணை மட்டும் உயர்த்தினார். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை. இன்னொரு கை சுவரில் இருந்தது, திருகின் மேல். பஞ்சு ஒட்டிய விரல்கள் அதை மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தன. குப்பிக்குள் குமிழிகள் சிறிதாயின. ஒன்றிரண்டாயின. கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது.

அந்த முகம் அவரைப் பார்த்துக் குனிந்து, நன்றியோடு மலர்ந்திருந்தது.